பிள்ளை பேரத்தில் சேராது: மலைக்கிராமத்து மணமுறிவும் சட்டம் காட்டும் வழியும்

1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரில், அதைத் தொகுத்த டபிள்யூ. பிரான்சிஸ், பழனி மலையின் உழவர் குடிகளில் ஒன்றான குன்னுவரின் மணமுறிவு வழக்கத்தைப் பதிந்திருக்கிறார். தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் அதே செய்தி உண்டு. பிரிய நினைப்பவர் பரிசத் தொகையை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டால் திருமணம் தீர்ந்தது. தீர்ந்துபோன பெண்ணும் கைம்பெண்ணும் மறுமணம் செய்துகொள்ளலாம். பிள்ளைகள் அத்தனை பேரும் தகப்பனுக்கு.

சமவெளியின் பல சாதிகளில் பெண்ணுக்கு மணவிலக்கு என்ற பேச்சே எழாத காலம் அது. அதோடு வைத்துப் பார்த்தால் மலை வழக்கம் பெண்ணிடம் கருணை காட்டியது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு கேள்வி மட்டும் எழவேயில்லை: பிள்ளைக்கு எது நல்லது?

இன்று கொடைக்கானல் வட்டத்தில், வில்பட்டியை அடுத்த பள்ளங்கி போன்ற ஊர்களில் பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து யாரும் பிரிவதில்லை. ஆனால் பேச்சின் வடிவம் பெரிதாக மாறிவிடவில்லை. இரு வீட்டாரும் ஊர்ப் பெரியவர்கள் முன் உட்கார்ந்தால் நகை, சீர், ரொக்கம், பிள்ளை எல்லாம் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. "நகையைக் கொடுத்துடுறோம், பையனை விட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்பார்கள் ஒரு பக்கம். "பணமே வேண்டாம், பிள்ளையைக் கேட்காம இருந்தாப் போதும்" என்பார்கள் மறுபக்கம். சட்டம் இந்த விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. திருமணம் முடிவது ஒன்று, பிள்ளை யாரிடம் வளர்வது என்பது வேறு, அதன் செலவை யார் கொடுப்பது என்பது இன்னொன்று. ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றொன்றை வாங்க முடியாது. மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இந்த ஒரு நூலில் கோத்துப் பார்க்கலாம்.

ஊர் தீர்த்து வைத்தால் போதுமா?

பெரும்பாலோருக்குப் போதாது. முத்திரைத்தாளில் "இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, நான்கு சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையே குத்தினாலும் அது விவாகரத்து ஆகாது. மதராஸ் மாகாணம் 1949லேயே இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கும் வழி செய்தது. 1955இன் இந்து திருமணச் சட்டம் அதை நாடு முழுமைக்கும் விரித்தது. அப்போதிருந்து மணவிலக்கு என்பது நீதிமன்றத் தீர்ப்பால் மட்டுமே.

விதிவிலக்குகள் உண்டு. அந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, ஒரு சமூகத்தில் வழக்கமாக இருந்துவரும் மணமுறிவை அழிக்காமல் விட்டிருக்கிறது. ஆனால் "எங்க ஜாதியில இது பழக்கம்" என்று சொன்னால் மட்டும் போதாது. அது நெடுங்காலமாகத் தொடர்ந்து வரும் வழக்கம் என்று மனுவில் சொல்லி, சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற சுப்பிரமணி எதிர் சந்திரலேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் வலியுறுத்தியது. நூறாண்டுக்கு முந்தைய கெசட்டியரில் ஒரு வரி இருப்பதாலேயே இன்றைய ஊர்ப் பத்திரம் செல்லுபடியாகிவிடாது.

இரண்டாவது விதிவிலக்கு பழங்குடியினருக்கானது. பழனி மலையில் வாழும் பளியர் அட்டவணைப் பழங்குடியினர். மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி இந்து திருமணச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அவர்களுடைய மணமும் மணமுறிவும் அவர்கள் வழக்கப்படியே நடக்கும். ஆனால் ஜீவனாம்சச் சட்டப்பிரிவும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் சாதி, மதம், பழங்குடி பாராமல் எல்லாருக்கும் உரியவை.

பத்திரத்தை நம்பி மறுமணம் செய்பவர்தான் சிக்கிக்கொள்கிறார். முதல் திருமணம் சட்டப்படி உயிரோடு இருந்தால் இரண்டாவது செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆவது பிரிவின்படி அது குற்றமும் ஆகும். அந்த இரண்டாவது உறவில் பிறந்த பிள்ளையைச் சட்டம் கைவிடுவதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 16ஆவது பிரிவு அந்தப் பிள்ளையைச் சட்டப்படியான பிள்ளையாகவே ஏற்கிறது. பெரியவர்கள் செய்த தவறுக்குப் பிள்ளை பொறுப்பல்ல என்ற எண்ணம் அங்கே தெளிவாகத் தெரிகிறது.

"கல்யாணத்தைப் பதிவே பண்ணலையே, கோர்ட்டுக்குப் போக முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. முடியும். 2009இன் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் பதியாததால் மட்டும் திருமணம் செல்லாததாகிவிடாது. பத்திரிகை, புகைப்படம், தாலி கட்டியதைப் பார்த்தவர்களின் சாட்சியம் ஆகியவற்றால் நிரூபிக்கலாம். புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணத்தையும் 1967இன் தமிழ்நாட்டுத் திருத்தம் முழுமையாக ஏற்றிருக்கிறது.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்?

கொடைக்கானல் மலையில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் கலந்து வாழ்கிறார்கள். இந்துக்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1869இன் விவாகரத்துச் சட்டம். 2001இல் திருத்தப்படும்வரை அந்தச் சட்டத்தில் கணவனுக்கு மனைவியின் பிறழுறவு ஒன்றே போதும். மனைவியோ அதோடு கொடுமை போன்ற இன்னொரு காரணத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. இன்று இருவருக்கும் பெரும்பாலும் ஒரே அளவுகோல். திருச்சபை நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்தாலும் அது நாட்டுச் சட்டத்தின் முன் விவாகரத்து ஆகாது. 2017இல் கிளாரன்ஸ் பயஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் சொன்னது. முஸ்லிம் மனைவி 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்கலாம். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2017இல் செல்லாது என்றானது, 2019இல் குற்றமுமானது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தவர்கள் 1954ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படியே பிரிய வேண்டும்.

இடம்தான் மலைவாசிக்குப் பெரிய பாரம். மணவிலக்கு மனு குடும்ப நல நீதிமன்றத்துக்கு அல்லது சார்பு நீதிமன்றத்துக்குப் போகும். பள்ளங்கியிலிருந்து கொடைக்கானல் வந்து, அங்கிருந்து பழனிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. திண்டுக்கல் 90 கிலோமீட்டருக்கு மேல். வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போய்விடும். அதனாலேயே பலர் ஆஜராகாமல் விட்டு, ஒருதலைத் தீர்ப்பைச் சம்பாதித்துக்கொள்கிறார்கள். அப்படி வந்த தீர்ப்பை நீக்கக் கோரி 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும்.

கணவன் தொலைதூர ஊரில் வழக்குப் போட்டிருந்தால், மாநிலத்துக்குள் என்றால் 2004 முதல் இயங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மாற்று மனு கொடுக்கலாம். இப்படிப்பட்ட மாற்றங்களில் பொதுவாக மனைவியின் வசதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று 2022இல் ஐஸ்வர்யா எதிர் சரவண கார்த்திக் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எல்லாவற்றுக்கும் மலையிறங்க வேண்டியதில்லை. 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொடைக்கானல் நடுவர் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். அடிக்காமல் தடுக்கும் உத்தரவு, வீட்டில் குடியிருக்கும் உரிமை, மாதச் செலவு, பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவு ஆகிய நான்கையும் ஒரே மனுவில் கேட்கலாம். பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு. அடி வாங்கி, பச்சைப் பிள்ளையோடு தாய்வீட்டில் வந்து நிற்கும் பெண்ணுக்கு விவாகரத்து மனுவைவிட இந்த மனுதான் உடனே கை கொடுக்கும்.

காரணம் வேண்டுமா, சம்மதம் போதுமா?

இருவரும் ஒப்புக்கொண்டால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்துக்களுக்கு 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு பரஸ்பர சம்மதத்துக்கானது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பானது. இடையில் ஒருவர் மனம் மாறி மறுத்தால் தீர்ப்புக் கிடையாது.

ஒருவர் மறுத்தால் கொடுமை, பிறழுறவு, இரண்டாண்டு கைவிட்டுப் போனது, தீராத மனநோய், ஏழாண்டு தகவலே இல்லாமை முதலிய காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். 2018இல் ஜோசப் ஷைன் வழக்குக்குப் பின் பிறழுறவு குற்றமல்ல. ஆனால் மணவிலக்குக்கு இன்றும் அது காரணமே. குடித்துவிட்டு வருவது மட்டும் தனிக் காரணமாகச் சட்டத்தில் இல்லை. குடித்து அடிப்பதும், வீட்டுச் செலவுக்குக் கொடுக்காததும், ஊரறிய அவமானப்படுத்துவதும் கொடுமையில் சேரும். "உறவு முறிந்தே போச்சு, இனி ஒட்டாது" என்பது குடும்ப நல நீதிமன்றத்தில் தனிக் காரணமல்ல. அந்த அடிப்படையில் திருமணத்தை முடிக்கும் அதிகாரம் அரசமைப்பின் 142ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்பது 2023 மே மாத ஷில்பா சைலேஷ் தீர்ப்பு.

பதினெட்டு வயதுக்கு முன் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. 2006இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, மேஜரான இரண்டாண்டுக்குள் அந்தத் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஜீவனாம்சமும், பிறந்த பிள்ளை குறித்த உத்தரவும் அந்த மனுவிலேயே கிடைக்கும்.

பிள்ளை யாரிடம்?

பழைய வழக்கமும் இன்றைய சட்டமும் முற்றிலும் விலகும் இடம் இது. 1956இன் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தகப்பனை முதல் காப்பாளராக எழுதியது. அவருக்குப் "பின்" தாய் என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது இந்த விதி குறுக்கே நின்றது. அவர் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், தகப்பன் இறந்தபின் என்று மட்டும் அதைப் படிக்கக் கூடாது, தகப்பன் கவனிக்காத நிலையிலும் தாயே காப்பாளர் என்று விளக்கியது.

காப்பாளர் உரிமை வேறு, பிள்ளையை வைத்து வளர்ப்பது வேறு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு. ஐந்து முடிந்ததும் பிள்ளை தானாகத் தகப்பனிடம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. 13ஆவது பிரிவின்படி பிள்ளையின் நலனே தலையாயது. மற்ற எல்லா விதியும் அதற்குக் கீழேதான். 1973இல் சென்னையிலிருந்து சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று சொல்லிவிட்டது.

நலன் என்பதை நீதிபதி எப்படி அளக்கிறார்? யாரிடம் பணம் அதிகம் என்று பார்ப்பதில்லை. இதுவரை பிள்ளையைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியவர் யார்? பள்ளி மாறாமல் படிப்புத் தொடருமா? அண்ணன் தங்கை ஒன்றாக இருக்க முடியுமா? வீட்டில் குடியும் அடியும் உண்டா? தோட்ட வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையாக இருந்தால் நீதிபதி தன் அறையில் தனியே பேசி அதன் விருப்பத்தையும் கேட்பார். 1890இன் காப்பாளர் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. தாய் மறுமணம் செய்துகொண்டாள் என்பதாலோ, கூலிக்குப் போகிறாள் என்பதாலோ மட்டும் பிள்ளையை இழந்துவிட மாட்டாள்.

மனுவைப் பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். ஒருவர் பிள்ளையைப் பள்ளி வாசலிலிருந்தே தூக்கிக்கொண்டு போய்விட்டால், தகுந்த வழக்கில் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம்.

பிள்ளையைப் பார்க்கும் உரிமை தோற்றவருக்குப் போடும் பிச்சை அல்ல. 2020இல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம், தாய் தகப்பன் இருவரின் அன்பும் பிள்ளைக்குரிய உரிமை என்று சொன்னது. நேரில் வர முடியாதவருக்குத் தொலைபேசி, காணொலி வழியாகப் பேசும் உரிமையும் உண்டு என்றது. ஆகவே உத்தரவு கேட்கும்போது "அவ்வப்போது பார்க்கலாம்" என்று மொட்டையாக எழுதவிடக் கூடாது. மாதத்தில் எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு, பள்ளங்கியிலா கொடைக்கானல் பேருந்து நிலையத்திலா, பொங்கலுக்கு யாரிடம், முழுப் பரீட்சை விடுமுறையில் எத்தனை நாள், மழையில் மலைப்பாதை அடைபட்டால் மாற்று நாள் எது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். காலம் மாறினால் உத்தரவையும் மாற்றக் கேட்கலாம். பிள்ளை விஷயத்தில் எந்த உத்தரவும் முற்றுமுடிவானதல்ல.

ஜீவனாம்சம்: எவ்வளவு, எப்படி?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாகியிருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத மனைவி, மைனர் பிள்ளை, உடல் அல்லது மன ஊனத்தால் சம்பாதிக்க முடியாத பிள்ளை, வயதான பெற்றோர் எல்லாரும் இதில் கேட்கலாம். பிள்ளை சட்டப்படியான உறவில் பிறந்ததா இல்லையா என்பது பொருட்டல்ல. விவாகரத்தான மனைவி மறுமணம் செய்யும்வரை கேட்கலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இதே பிரிவில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் அப்துல் சமது வழக்கில் தீர்ப்பானது. முன்பு மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது என்றிருந்த உச்சவரம்பு 2001இல் நீக்கப்பட்டது. குடும்ப நல நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும் பகுதியானால் மனு அங்கே. மற்ற இடங்களில் நடுவர் நீதிமன்றம்.

மூன்றில் ஒரு பங்கு என்றோ நான்கில் ஒரு பங்கு என்றோ சட்டத்தில் வாய்ப்பாடு கிடையாது. வருமானம், பொறுப்புகள், வாழ்ந்த தரம், பிள்ளையின் தேவை இவற்றைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கியது. மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை கணக்காகும் என்றும் வகுத்தது.

சம்பளச் சீட்டு இல்லாத மலைத்தோட்டக்காரரின் வருமானத்தை எப்படிக் காட்டுவது? இங்கேதான் பல மனுக்கள் சோர்ந்து விழுகின்றன. பட்டா, சிட்டா, அடங்கல் நிலத்தையும் அதில் நின்ற பயிரையும் சொல்லும். பூண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போயிருந்தால் மண்டிக்காரர் தந்த சீட்டும், பீன்ஸ், கேரட் ஒட்டன்சத்திரம் போயிருந்தால் கமிஷன் கடைச் சீட்டும் தொகையைச் சொல்லும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடன், வங்கிப் பாஸ்புக், ஜீப் அல்லது வேனின் ஆர்.சி. புத்தகம், காட்டேஜ் வாடகைக்கு விட்டிருந்தால் அதன் ரசீது ஆகிய எல்லாமே சான்று. இவற்றின் நகலை வீட்டை விட்டு வரும் முன்பே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எடுக்க முடியாமல் போனாலும் ஆவணத்தைத் தாக்கல் செய்யும்படி எதிர்த்தரப்புக்கு உத்தரவிட நீதிமன்றத்தைக் கேட்கலாம். "எனக்கு வேலையே இல்லை" என்ற வாதம் எடுபடாது. உடல் வலுவுள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று 2022இல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கொடுக்காமல் ஏய்த்தால் பிடிவாரண்டும், நிலுவைக்குச் சிறையும் உண்டு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிலுவை விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட்டுவிட வேண்டும்.

கணவன் "சேர்ந்து வாழ வா" என்று இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவில் தீர்ப்பு வாங்கிவிட்டால் ஜீவனாம்சம் நின்றுவிடுமா? தானாக நிற்காது. திரும்பிப் போகாததற்குத் தக்க காரணம் இருந்தால் தொகை உண்டு என்பது 2025 ஜனவரியில் வந்த ரீனா குமாரி தீர்ப்பு.

சமரசப் பத்திரத்தில் "பிள்ளைக்கும் எதுவும் கேட்க மாட்டேன்" என்று தாய் எழுதிக் கொடுத்துவிட்டாலோ? தன் பங்கை அவள் விடலாம். பிள்ளையின் பங்கை விட அவளுக்கு அதிகாரம் இல்லை. அந்த வரி பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. அதேபோல், பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்று தகப்பன் பணத்தை நிறுத்தக் கூடாது. பணம் வரவில்லை என்று தாய் பிள்ளையை மறைக்கக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி மனு இருக்கிறது.

பெண் போட்டு வந்த நகையும், அவளுக்கென்று வந்த சீரும் அவளுடைய சொத்து. 1985இல் பிரதிபா ராணி வழக்கிலிருந்து இது உறுதியான சட்டம். அதைத் திருப்பிக் கொடுப்பது கணவன் வீட்டார் செய்யும் சலுகை அல்ல. அதற்கு ஈடாகப் பிள்ளையைக் கேட்கவும் முடியாது. தாய் தகப்பன் பிரிந்ததால் தகப்பன் வழியில் பிள்ளைக்கு வரவேண்டிய சொத்துரிமை ஒரு சென்ட்கூடக் குறையாது.

முதலில் எது?

இத்தனையையும் தொகுத்துப் பார்த்தால் நம் ஊர்களில் வரிசை தலைகீழாக இருப்பது தெரியும். முதலில் தீர்த்துவிடுவதைப் பேசுகிறோம், பிறகு நகை, பிறகு ரொக்கம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வரும்போது எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பிள்ளையின் சாப்பாடும் படிப்பும் மாதாமாதம் எங்கிருந்து வரும் என்பதை முதலில் எழுத்தில் கொண்டுவர வேண்டும். அடுத்து, பிள்ளை எங்கே இருக்கும், மற்றவர் எப்போது பார்ப்பார் என்பது. கணவன் மனைவியின் தீர்வு அதற்குப் பின்னால் வரட்டும். அது ஓராண்டு தாமதித்தாலும் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

செலவுக்குப் பயந்து யாரும் நின்றுவிட வேண்டாம். 1987இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லாருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். 15100 என்ற எண்ணில் தேசிய சட்ட உதவி, 181இல் பெண்களுக்கான உதவி, 1098இல் குழந்தைகளுக்கான உதவி கிடைக்கும்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இரு வீட்டாரையும் உட்கார வைத்துக் கோபத்தைத் தணிக்கும் திறமை அவர்களிடம் இருக்கிறது. சமரச மையத்தில் முன்பின் தெரியாதவர் செய்வதை அவர்கள் உறவு அறிந்து செய்ய முடியும். அந்தத் திறமையால் திருமணத்தைத் தீர்த்து வைக்க வேண்டாம். பிள்ளைக்கு மாதம் எவ்வளவு என்று ஒரு தொகையை ஒப்புக்கொள்ள வைத்து, அதை நீதிமன்றத்தில் பதிந்து உத்தரவாக்கச் சொல்லி அனுப்பட்டும். சட்டப் பணிகள் குழு தன் முகாம்களைக் கொடைக்கானல் நகரோடு நிறுத்தாமல் வில்பட்டிக்கும் பள்ளங்கிக்கும் மேல்மலைக் கிராமங்களுக்கும் முறை வைத்துக் கொண்டுவர வேண்டும். வாய்தாவுக்குக் காணொலியில் ஆஜராகும் வசதியையும் மலை மக்களுக்குத் தயங்காமல் தர வேண்டும். கூடி வாழ முடியாதவர்கள் பிரியலாம். அதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. தாயாகவும் தகப்பனாகவும் இருப்பதிலிருந்து விடுதலை தர எந்தப் பஞ்சாயத்துக்கும், எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.